இரண்டு செல்விக்கும் ஒரே கதவு

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியில் தைரியம் போய்விடும்... எனக்கு என்னைத் தெரியும்.

அவர் பொய் சொல்கிறார் என்று ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த அறையில் ஒருவனுக்குத் தெரியும். அந்த ஒருவன் சுவரோரம் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பெயர் உங்களுக்கு வேண்டாம். காரிமங்கலத்துக்கு வெளியே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில், டைம் ஆபீசில் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பதிவது என் பொறுப்பு. பிளஸ் டூ வரை படித்தவன். வயது நாற்பத்தொன்பது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. இறங்க வேண்டிய இடம் வந்தால் 'நிறுத்துங்க' என்று கண்டக்டரிடம் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தக் கூச்சம் செய்த கேடு அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முன்பு எங்களிடம் வருகைக்கு ஒன்று, விடுப்புக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் நான்கு தனித்தனிப் பதிவுகள். நான்குக்கும் நான்கு பாஸ்வேர்டு. யாருக்கும் ஞாபகத்தில் நிற்காது. துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருப்பார்கள். ஒருவர் பாஸ்வேர்டில் இன்னொருவர் போவார்.

இதைப் பார்த்துவிட்டுப் பெங்களூர் தலைமை அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. இனி எல்லாம் ஒரே இணையப் பக்கத்தில். அதற்கு ஒரே நுழைவு. ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, செல்போனுக்கு வரும் ஓர் எண். ஒருமுறை உள்ளே போய்விட்டால் அவரவருக்கு உரிய அறைகள் எல்லாம் தாமாகத் திறக்கும். அந்த நுழைவுக்குக் 'கேட்வே' என்று பெயர். ஆட்களை அதில் பதியும் வேலை என் தலையில் விழுந்தது.

'திங்கள் முதல் அனைவரும் கேட்வேயில் பதிவு செய்துகொள்ள வேண்டும்' என்று அறிவிப்பு எழுதி ஒட்டினேன். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், முப்பது பெண்கள் மெயின் கேட்டில் வாட்ச்மேனைச் சூழ்ந்து நிற்கிறார்கள்!

"பேர எழுதிக்கய்யா, வேலைக்கு நேரமாவுது!" என்று சத்தம். அவர் பாவம், நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த கேட்டு இல்லீங்க... கம்ப்யூட்டர்ல இருக்கிற கேட்டு" என்றேன். என் குரல் யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பெல்ட் செல்வி காதில் மட்டும் விழுந்தது.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டருக்குத் தனியா வாட்ச்மேன் போட்டுட்டாங்களா? அவனாச்சும் தூங்காம இருப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன்கூடச் சிரித்தார்.

பெல்ட் செல்வி என்றால், பழம் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்று அழுகலைப் பொறுக்கி எடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், கான்டிராக்ட் ஆள். கணவர் முனுசாமி. ஆகவே மு. செல்வி. இன்னொருவர் லேப் செல்வி. கூழின் சூடு, புளிப்பு எல்லாம் பார்த்துப் பதிகிறவர். முப்பத்தாறு வயது, கம்பெனி ஆள். தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் மாதையன் லாரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். ஒன்பதாவது படிக்கும் மகன் ஒருவன். இவர் மா. செல்வி.

தமிழில் எழுதினால் மு வேறு, மா வேறு. யாரும் மயங்க வழியில்லை. ஆங்கிலத்தில் இரண்டுமே எம். எங்கள் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது.

அந்தப் பட்டியலில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம் ஊரில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். நான் எல்லோருடைய இனிஷியலையும் தூக்கி அதில் போட்டேன். மாதையன், மாரியப்பன், முனுசாமி, முருகேசன், மணி... எங்கள் பக்கத்து அப்பன்மாரிலும் புருஷன்மாரிலும் பாதிப் பேர் எம்தான்.

பதிவை முடிக்கும் நாளில் பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வீடியோவில் வந்தார். கன்னடக்காரர். தமிழ் புரியும், தட்டுத் தடுமாறிப் பேசுவார். இந்தப் பக்கம் நீள மேசையைச் சுற்றி மேனேஜரும் பிரிவு அதிகாரிகளும். பட்டியலில் இரண்டு முறை வந்த பெயர்களை இன்ஜினியர் வரிசையாகப் படித்தார். அப்படி வரக் காரணம் உண்டு. கான்டிராக்டில் சேர்ந்து பிற்பாடு கம்பெனி ஆளானவர்களுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று இருக்கும். அந்த இரண்டையும் ஓர் ஆளாக இணைக்க வேண்டும்.

"கே. ராஜா. எரடு நம்பர். ஒப்பரேனா?" என்றார். இரண்டு எண், ஒரே ஆள்தானா என்று அர்த்தம்.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார்.

கன்னடம் எங்கள் பக்கத்தில் காதில் விழுந்துகொண்டே இருக்கிற மொழி. என் வாயிலிருந்து அது வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே!" என்றார். இருபது வருடமாக அந்த மனிதர்கள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு பார்வை... அது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

"பி. கோவிந்தன். ஒப்பரேனா?"

"ஹௌது சார்."

"எம். செல்வி. ஒப்பரேனா?"

"ஹௌது சார்."

வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது. ஐயோ, இது இரண்டு செல்வி! ஒருத்தி பெல்ட், ஒருத்தி லேப்!

கையைத் தூக்கியிருக்கலாம். 'சார், ஒரு நிமிஷம்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். ஆனால் அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இப்போதுதானே பாராட்டினார்கள்? இப்போது போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றா சொல்வது? யோசித்துக்கொண்டிருந்தபோதே என் வாய் அடுத்த பெயருக்கும் 'ஹௌது சார்' சொல்லிவிட்டது.

கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "எல்லா சரி இதியா? அப்புறம் மாத்தணும்னா பெரியவங்க அப்ரூவல் வேணும். மத்தே மத்தே வரக்கூடாது" என்றார். மறுபடி மறுபடி வரக்கூடாது. நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அந்தக் கேட்வேயைப் பொறுத்தவரை இரண்டு பெண்களும் ஒரே பெண். பெல்ட் செல்விக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அவர் வாசல் மெஷினில் தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவார், அவ்வளவுதான் அவருக்கும் கேட்வேக்கும் உள்ள உறவு. அவர் அட்டையைக் காட்டினால் லேப் செல்வி வந்ததாகப் பதிவாகும். தினமும் காலையில் ஒரே பெயருக்கு இரண்டு வருகை என் திரையில் விழும். நான் பார்ப்பேன். அடுத்த வரிக்குப் போவேன்.

எத்தனையோ தடவை இன்ஜினியருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்பதோடு நின்றுவிடும். இருவரும்தான் தினமும் வருகிறார்களே, யாருக்கு என்ன நஷ்டம்? பெல்ட் ஆட்களுக்குக் கான்டிராக்டர் தனியாக நோட்டு வைத்திருக்கிறாரே? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருகிற திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்பேன். ஒரு திங்கட்கிழமையும் வரவில்லை!

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள். லேப் செல்வியின் மகனுக்குக் காய்ச்சல் முற்றி, தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் நாளே அவர் தன் போனில், முறைப்படி, கேட்வே வழியாக விடுப்பு போட்டுவிட்டார். விடுப்பும் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை பெல்ட் செல்வி வந்தார். அட்டையைக் காட்டினார்.

செல்வி வந்துவிட்டார், அப்புறம் எதற்கு விடுப்பு என்று கேட்வே நினைத்துக்கொண்டது. விடுப்பைத் தானாகவே ரத்து செய்தது. அந்த வரி என் திரையில்தான் வந்தது. 'எம். செல்வி, விடுப்பு ரத்து, வருகை உறுதி.' பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

எழுந்து போனேன். அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்... நான் எழுந்து போனேன்! உற்பத்தி அதிகாரியின் அறை வாசல் வரை போனேன். வெளியே பழ லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து 'என்ன?' என்று புருவத்தைத் தூக்கினார்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அவர் திரையில் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். லேபில் ஆள் இருக்கிறது என்று நினைத்து மாற்று ஆள் போடவில்லை. மதியம் மூன்று சுற்றுக் கூழைச் சோதிக்கும் முறை செல்வியின் பெயரில் விழுந்தது. அந்தக் கூழின் சூட்டை யாரும் பார்க்கவில்லை. டின்னில் அடைத்தார்கள், மூடினார்கள், ஏற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த டின்கள் உப்பிக்கொண்டு திரும்பி வந்தன.

விசாரணைக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அன்னைக்கு நீங்க வேலைக்கு வந்திருக்கீங்க. மத்தியானம் செக் பண்ணல. ஏன்?"

"நான் வரவே இல்லீங்க சார். பையன ஆஸ்பத்திரியில சேத்திருந்தனுங்க. லீவு போட்டிருந்தேன்."

"லீவு கேன்சல் ஆகியிருக்கே?"

"நான் கேன்சல் பண்ணலீங்க சார்! எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாதுங்க. இதோ பாருங்க, ஆஸ்பத்திரி சீட்டு வச்சிருக்கேன்."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல உங்க பையன் பேர்தாம்மா இருக்கு. பையன சேத்துட்டு நீங்க வேலைக்கு வந்திருக்கலாம் இல்லையா?"

வாசல் கேமராப் படம் அத்தனை நாள் தங்காது, அழிந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு முந்தைய நாள் எப்படி நினைவிருக்கும்? உற்பத்தி அதிகாரி, "நான் ஸ்கிரீனைப் பாத்துத்தான் சார் ஆள் போடறேன். பச்சை இருந்துச்சு" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

அப்போது அதிகாரி என்னைப் பார்த்தார். "டைம் ஆபீஸ் நீங்கதானே? சிஸ்டத்துல என்ன இருக்கு?"

லேப் செல்வி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இவருக்குத் தெரியும், இவர் சொல்லிவிடுவார் என்கிற நிம்மதி.

"வந்ததா இருக்குதுங்க சார்" என்றேன்.

பாருங்கள்... அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. சிஸ்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு பொய்ச் சொல்கூட இல்லாமல் ஒரு மனுஷியைப் பொய்க்காரியாக்க முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

"பொய் சொல்லாதீங்கம்மா" என்றார் மேனேஜர். "தப்பு பண்ணினதைவிட அதுதான் கஷ்டமா இருக்கு."

ராஜினாமா என்று செல்வியே எழுதிக்கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லாமல் போய்விடும் என்றார்கள். எழுதிக்கொடுத்தார். போகும்போது டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று, "வர்றேங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட என்னைக் கோழை என்று சொல்லி விட்டுவிடலாம். முடியவில்லை. இனி சொல்லப்போவதை நான் பயத்தில் செய்யவில்லை. நிதானமாகச் செய்தேன்.

வேலையை விட்டவரின் நுழைவை அன்றே மூட வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெருமையே அதுதான் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஓரிடத்தில் மூடினால் எல்லா அறையும் மூடிக்கொள்ளும். மூடினேன்.

மறுநாள் காலை பெல்ட் செல்வி அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினார். சிவப்பு.

"ஏங்கண்ணு, என்னை உள்ள வுட மாட்டேங்குதே உன் கேட்டு? வூட்டுக்குப் போவட்டுமா?"

உண்மை என் கண்முன்னால் வாசலில் வந்து நின்றது! நேற்று வேலையை விட்டது ஒரு செல்வி, இன்று கதவு மூடியது இன்னொரு செல்விக்கு. அந்தச் சிவப்பு விளக்கை அப்படியே விட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் போதும். நான் வாயே திறக்க வேண்டாம். ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். பெங்களூர் அதிகாரி அப்போதும் இங்கேதான் இருந்தார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அட்டை பழசாயிடுச்சுங்கக்கா, ரெண்டு நிமிஷம் இருங்க" என்றேன். உள்ளே போனேன். பெல்ட் செல்விக்குப் புதிதாக ஒரு நுழைவு உண்டாக்கினேன். இந்த முறை இனிஷியலை வெறும் எம் என்று போடவில்லை. எம், யு என்று இரண்டு எழுத்தாகப் போட்டேன். மு! மயக்கம் வராமல் எழுதும் வழி எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது... 'காரணம்' என்று ஒரு கட்டம் கேட்டது. 'புதிய சேர்க்கை' என்று நிரப்பினேன். புதிய ஆளைச் சேர்க்க எந்த அனுமதியும் வேண்டாம், அதற்கு மட்டும் எனக்கே அதிகாரம் உண்டு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெல்ட் செல்வி அட்டையைக் காட்டினார். பச்சை. திரையில் ஏதோ எழுத்து வந்தது. பக்கத்தில் நின்ற பெண் படித்துச் சொன்னாள்.

"நல்வரவுன்னு போட்டிருக்குதாமே! பதினோரு வருசமா அழுகப் பழம் பொறுக்கறேன், இன்னைக்குத்தான் வான்னு கூப்பிடுது பாத்தியா!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார் அந்த அம்மாள். பதினோரு வருடம் போய், கேட்வேயின் கணக்கில் அவரும் நேற்றுச் சேர்ந்தவர். அது அவருக்கு இன்றும் தெரியாது.

அதிகாரி டீ குடித்து முடித்து, காரில் ஏறிப் போனார்.

லேப் செல்வி இப்போது தொப்பூர் பக்கம் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் காய் நறுக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். பி.எஸ்சி. படித்தவர். எங்கே வேலைக்குப் போனாலும், முன்பு இருந்த இடத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்களாம். என்ன சொல்வார்? 'நான் வராத நாளில் வந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்னது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே அது எப்படி நடந்தது என்று தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்.

போன வாரம் அவர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? கடத்தூர்ல ஒரு கம்பெனியில லேப் வேலைக்கு ஆள் எடுக்கறாங்கண்ணா. எல்லாம் பேசியாச்சு. பழைய இடத்துல விசாரிக்க ஒருத்தர் நம்பர் கேட்டாங்க. உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

"என்னோடதா... ஏம்மா?"

"வேற யாரு இருக்காங்கண்ணா எனக்கு? அன்னைக்கு அந்த ரூம்ல என்னை ஒரு வார்த்தை திட்டாதவரு நீங்க ஒருத்தர்தான்."

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடத்தூரிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர் பேசினார். மரியாதையான மனிதர்.

"செல்வின்னு ஒரு அம்மா... உங்ககிட்ட வேலை பாத்தாங்களாம். ஆள் எப்படிங்க?"

"நல்ல மாதிரிங்க. வேலை சுத்தமா இருக்குமுங்க."

"சந்தோஷம். அப்புறம் ஏங்க வேலைய வுட்டாங்க?"

எவ்வளவு அருமையான கேள்வி! மேனேஜர் இல்லை, அதிகாரி இல்லை, நீள மேசை இல்லை. முகம் தெரியாத ஒருவர், போனில், என்னிடம் மட்டும் கேட்கிறார். 'அவங்க மேல தப்பில்லைங்க. தப்பு என்னோடது' என்றால் போதும்.

தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. சொன்னால் அவர் எங்கள் மேனேஜரைக் கேட்பாரோ? கேட்டால் 'புதிய சேர்க்கை' வெளியே வருமோ? நான் யோசித்துக்கொண்டே நின்றேன். கையில் சாப்பாட்டு டப்பா. மறுமுனையில் அவர் பொறுமையாக இருந்தார்... ரொம்பப் பொறுமையாக.

"சரிங்க, புரியுதுங்க" என்றார் கடைசியில், தணிந்த குரலில். "நீங்க சொல்லச் சங்கடப்படறீங்க. பரவால்ல, வுடுங்க. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்."

வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் செல்வி கூப்பிட்டார்.

"அவங்க பேசினாங்களாண்ணா?"

"இன்னும் இல்லம்மா."

"வேலையா இருப்பாங்க போல. பேசினா நல்ல மாதிரி சொல்லுங்கண்ணா."

"சொல்றேம்மா."

உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, நீங்கள் திருப்பி எதுவும் கேட்க மாட்டீர்கள், அதனால் முடிகிறது. இதே கையால் அந்தக் கடத்தூர் எண்ணைத் தொட முடியவில்லை. நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

நேற்றும் அவர் கூப்பிட்டார். அந்த வேலை கிடைத்துவிட்டால் பையனைக் கடத்தூர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்று இருக்கிறாராம். இன்னும் பேசவில்லையா என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன்.